நான்காம் தாங்கி

கொடைக்கானல் வானாய்வகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான். அந்த மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தை ஒட்டிச் செல்லும் திண்டுக்கல் – பழனி ரயில்பாதையில் ஓடிய என்ஜின்களைப் பழுது பார்ப்பதில் என் பணிக்காலத்தின் நல்ல பகுதி கழிந்தது. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் தெற்கே சுவர் போல எழுந்து நிற்கும் அந்த மலையை எத்தனையோ முறை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஏறியதில்லை.

மார்கழி மாதம். பனி விலகி வெயில் வந்த பிறகு உள்ளே அனுப்பினார்கள். சூரியனின் பிம்பத்தை ஒரு வெள்ளைத் திரையில் விழவைத்துக் காட்டினார்கள். அதற்கடுத்து அதன் நிறமாலை. சிவப்பிலிருந்து ஊதா வரை நீண்டுசெல்லும் வண்ணப்பட்டை, அதன் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள். எனக்கு முன்னால் நின்ற சிறுமி, "இந்தக் கோடெல்லாம் யாருப்பா போட்டது?" என்று கேட்டாள். தகப்பனார் "சும்மா இரு" என்றார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அந்தக் கோடுகளின் பங்காளிகளை எனக்கு நன்றாகத் தெரியும். தகரக் கூரை போட்ட ஓர் அறையில், கறுத்த எண்ணெய்த் துளிகளிலிருந்து அவற்றை வரவழைத்துக்கொண்டிருந்தவர்களோடு வேலை செய்தவன் நான். அவற்றில் இரண்டு, ஈயத்தின் கோடும் செம்பின் கோடும், நான் ஒரு மனிதருக்குச் செய்த தவற்றோடு சம்பந்தப்பட்டவை.

ஒவ்வொரு தனிமமும் சூடேறி ஒளிரும்போது தனக்கே உரிய நிறங்களில் மட்டும் ஒளிர்கிறது. அதே தனிமம் வாயுவாகி ஒளியின் வழியில் குறுக்கே நின்றால், அதே நிறங்களை விழுங்கிக்கொள்கிறது. 1859, 1860 ஆண்டுகளில் கிர்க்காஃபும் புன்சனும் இதை நிறுவிய பிறகு, சூரியனில் இரும்பு இருக்கிறது என்று சொல்ல அங்கே போய்வர வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. கொடைக்கானலில் இந்தக் கோடுகளைப் படிக்கும் வேலை நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளியின் நிறமாலையில் கோடுகள் இம்மியளவு இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டு, அங்கே வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்கின்றன என்று கண்டுபிடித்ததும் இதே மலையில்தான். இன்றும் அது அவர் பெயரால் எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது.

டீசல் ஷெட் ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் சாராம்சத்தில் அதுவே. ஓடி வந்த என்ஜினிலிருந்து ஒரு சிறு புட்டியில் லூப் ஆயில் எடுப்பார்கள். அதில் ஒரு துளியளவு, சுழலும் கிராஃபைட் வட்டில் ஏறி மின்பொறியில் எரியும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் எண்ணெயில் கரைந்தும் மிதந்தும் கிடக்கிற உலோகங்கள் பெயர் சொல்லும். இரும்பு கூடினால் லைனரோ ரிங்கோ தேய்கிறது. குரோமியம் வந்தால் முலாம் போகிறது. சிலிக்கன் என்றால் காற்று வடிகட்டியைத் தாண்டித் தூசு நுழைகிறது. சோடியம் என்றால் குளிர்நீர் எங்கோ எண்ணெயில் கசிகிறது; அந்த நீரில் போடும் மருந்தின் சோடியம் அது. ஈயமும் செம்பும் சேர்ந்து ஏறினால், தாங்கி. கிராங்கைத் தாங்கும் பேரிங்.

ஓர் எண் தனியாக வந்தால் அதற்கு அதிகம் அர்த்தமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கொடைக்கானலில் சூரியனை நாள்தோறும் படமெடுத்துத் தலைமுறைகளாகச் சேர்த்துவைத்திருப்பது எதற்காகவோ அதற்காகத்தான் ஷெட்டிலும் ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு பேரேடு. போன முறை என்ன, அதற்கு முந்தைய முறை என்ன, இந்த முறை என்ன. வரிசைதான் பேசும்.

என்ஜினைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மீட்டர் பாதையில் ஓடிய ஒய்.டி.எம்.-4 என்பது அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. 1960களின் தொடக்கத்தில் கப்பலில் வந்தது. பின்னர் வாராணசியிலேயே செய்யப்பட்டது. அதன் வயிற்றில் ஆல்கோ 251 வகை டீசல் என்ஜின், வரிசையாக ஆறு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் ஒன்பது அங்குல விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் பத்தரை அங்குலம். ஏறக்குறைய 1,400 குதிரைத் திறன். அகலப்பாதையில் ஓடிய டபிள்யூ.டி.எம்.-2இல் இதே என்ஜின் பதினாறு சிலிண்டர்களோடு 'வி' வடிவில் இருக்கும். ஒன்றைப் பழகியவனுக்கு மற்றது அந்நியமில்லை.

ஆறு பிஸ்டன்களின் குத்தையும் சுழற்சியாக மாற்றுவது கிராங்க்ஷாஃப்ட். கலைச்சொல் அகராதிகள் இதை வணரித்தண்டு என்கின்றன. ஷெட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்றாலும், எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். வணர் என்றால் வளைவு. சங்கப் பாடல்களில் யாழின் வளைந்த தண்டுக்கு வருகிற சொல். ஆள் நீளத்துக்கு மேல் நீண்டு, ஆறு இடங்களில் முழங்கை போல மடங்கி, தொடைப் பருமனில் எண்ணெய் மினுங்கக் கிடக்கும் அந்த எஃகைப் பார்த்தவர்களுக்கு யாழ் நினைவு வருமா என்று தெரியவில்லை. ஆனால் வளைத்தவன் கையில் ஒரு கணக்கு இருந்தது என்பது புரியும். அதை ஏழு மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. நடுவில் இருப்பது நான்காவது.

பேரிங் என்றதும் சைக்கிள் குண்டுகளை நினைக்க வேண்டாம். இது இரண்டு அரைவட்ட ஓடுகள். முதுகு எஃகு, அதன் உள்ளே செம்பும் ஈயமும் கலந்த ஒரு படலம், அதற்கும் மேலே ஈயமும் தகரமும் சேர்ந்த ஒரு பூச்சு. அந்தப் பூச்சின் கனம் மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு இருக்கும். தலைமுடியைவிட மெல்லியது. மெல்லிய உலோகத்தில் தாங்கி செய்யும் யோசனை ஐசக் பாபிட்டுடையது, 1839இல். எஃகைத் தாங்க எஃகு உதவாது, தேய்ந்துகொடுக்கிற ஒன்றுதான் தாங்க முடியும் என்று அந்த அமெரிக்கர் கண்டுகொண்டார். தூசு வந்தால் தனக்குள் புதைத்துக்கொள்ளும், உரசல் வந்தால் தான் உருகும், தண்டைக் காப்பாற்றும். எங்கள் ஷெட்டில் மூத்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார். எல்லோரும் மேஸ்திரி என்றே அழைப்போம். அவர் இதைத் தன் பாணியில் சொல்வார்: "மேல முருகனுக்கு நவபாஷாணம். கீழ நம்ம கிராங்குக்கு மூணு பாஷாணம். செம்பு, ஈயம், தகரம். ரெண்டையும் சொரண்டக் கூடாது தம்பி."

இந்த மூன்று உலோகங்களும்கூட உண்மையில் தாங்குவதில்லை. என்ஜின் ஓடும்போது தண்டு தாங்கியைத் தொடுவதே கிடையாது. தாங்குவது எண்ணெய். 1883இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சுத் தாங்கிகளை வைத்துப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். ஓடவிட்டபோது எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்து விழுந்தது. மரமுளையை அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. பிறகு அழுத்தமானியை வைத்துப் பார்த்தபோதுதான், சுழலும் தண்டு தானே எண்ணெயை ஆப்பு போல இடுக்கில் இழுத்து, அதன் மேல் ஏறி மிதக்கிறது என்று தெரிந்தது. மூன்றாண்டுகள் கழித்து ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். தக்கை வெளியே விழுந்த அந்தக் கணத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. எரிச்சலோடு இன்னும் பெரிய தக்கையைத் தேடிப் போகாத ஒரு மனிதர்.

தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே விடுகிற இடைவெளி, விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுக்கணக்கு. பாரம் விழுகிற பக்கத்தில் எண்ணெய்ப் படலம் அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. நாங்கள் 'தௌ' என்போம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. ஒரு தௌ என்பது எங்கள் உலகில் பெரிய தூரம்.

நிற்க. இத்தனை மென்மையான ஒன்றை எப்படிச் சோதிப்பது? கழற்றிப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. ஆனால் நன்றாக இருக்கும் தாங்கியைக் கழற்றுவது, ஆரோக்கியமாக இருப்பவன் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பதற்குச் சமம். மூடும்போது புதிய நோய் ஒன்றை உள்ளே வைத்து மூடிவிடக்கூடும். எனவே கழற்றாமல் கேட்கிற வழிகள் பல உண்டு.

முதலில் காத்திருக்க வேண்டும். சூடாக நின்ற என்ஜினின் கிராங்க்கேஸ் கதவை உடனே திறக்கக் கூடாது. எங்காவது ஒரு தாங்கி காய்ந்து எண்ணெயை ஆவியாக்கியிருந்தால், அந்த ஆவி குளிர்ந்து மூடுபனியாக உள்ளே நிறைந்திருக்கும். கதவு திறந்து புதுக்காற்று புகுந்தால் வெடிக்கும். 1947 செப்டம்பரில் ரெய்னா டெல் பசிஃபிக்கோ என்ற கப்பல் வடக்கு அயர்லாந்துக் கடற்கரையருகே சோதனை ஓட்டத்தில் இருந்தபோது, கிராங்க்கேஸ் வெடித்து 28 பேர் இறந்தார்கள். இப்போது பெரிய டீசல் என்ஜின்களின் பக்கவாட்டில் காணப்படும், வெடிப்பின் அழுத்தத்தை வெளியே விட்டுத் தானே மூடிக்கொள்ளும் கதவுகள் பரவலாவதற்கு அந்தச் சாவுகளும் ஒரு காரணம். பயிற்சிக்கு வருகிற பையன்களுக்கு நான் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்வேன்.

பிறகு கதவுகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பது. அடியில் வெள்ளி மினுமினுப்பு இருக்கிறதா, எங்காவது எஃகு நீலம் பாரித்திருக்கிறதா, போல்ட்டுகளின் பூட்டுகள் சரியாக இருக்கின்றனவா. கனெக்டிங் ராடைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது. வடிகட்டிச் சுருளை வெட்டி விரித்து, மடிப்புகளுக்குள் உலோகத் துகள் தேடுவது. கடைசியாக ஒன்று. கதவுகள் திறந்திருக்கும்போதே ப்ரைமிங் பம்ப்பை ஓடவிடுவது. எண்ணெய் ஒவ்வொரு தாங்கிக்கும் போய், அதன் இரு ஓரங்களிலும் கசிந்து, திரை போல ஒழுகும். ஏழு தாங்கிகளிலும் ஒழுக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் தாராளமாக ஒழுகினால் அங்கே இடைவெளி கூடிவிட்டது என்று பொருள்.

மேஸ்திரி இந்த ஒழுக்கைப் பார்க்கும் விதமே தனி. எல்லோரும் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். அவர் டார்ச்சை அணைத்துவிட்டுப் புறங்கையை நீட்டி எண்ணெயை அதில் விழவிடுவார். வாய் முணுமுணுக்கும். எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று வெகுநாள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

1996 தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். நான் அப்போது சார்ஜ்மேன். பழனிக்குச் சிறப்பு ரயில்கள் விட வேண்டும், என்ஜின்கள் போதவில்லை, காலையிலும் மாலையிலும் மேலிருந்து தொலைபேசி. சோதனைக்கு நின்றிருந்த ஓர் என்ஜினின் எண்ணெய் அறிக்கை வந்தது. ஈயம் முந்தைய மாதத்தைப் போல இரு மடங்குக்கு மேல். செம்பும் ஏறியிருந்தது. அதற்கு முந்தைய மாதமே கொஞ்சம் ஏறியிருந்ததைப் பேரேடு காட்டியது. எந்த எண்ணும் எச்சரிக்கை வரம்பைத் தாண்டவில்லை. தாண்டவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டேன்.

கதவுகளைத் திறந்து நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். வடிகட்டியிலும் ஒன்றும் இல்லை. ப்ரைமிங் பம்ப்பை ஓடவிட்டோம். எனக்கு ஏழு திரைகளும் ஒன்று போலவே தெரிந்தன. மேஸ்திரி நான்காவதன் முன்னால் மட்டும் மறுபடியும் போய் உட்கார்ந்தார். புறங்கையை நீட்டினார். துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"தம்பி, நாலாம் நம்பர இறக்கிப் பாத்துருவோம்."

"ஏன் மேஸ்திரி, அளவுக்குள்ளதானே இருக்கு?"

"அளவுக்குள்ளதான் இருக்கு. ஆனா அது நேத்து இருந்த எடத்துல இல்ல."

ஒரு தாங்கியை இறக்கிப் பார்த்து ஏற்ற ஒரு ஷிஃப்ட் போதாது. என்ஜினை மறுநாள் காலை விட்டாக வேண்டும். 'ஈயம், செம்பு கண்காணிப்பில் வைக்கவும்' என்று பேரேட்டில் எழுதினேன். சோதனைப் பதிவேட்டில் மெயின் பேரிங்குகள் என்ற வரிக்கு எதிரே 'பார்க்கப்பட்டது, சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வேலை செய்தவர் என்ற இடத்தில் மேஸ்திரி கையெழுத்திட வேண்டும். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு போட்டார். அவர் வாயால் சொன்னதை எழுதுவதற்கு அந்தப் பதிவேட்டில் பத்தி எதுவும் இல்லை.

நான்காம் நாள் இரவு, ஒட்டன்சத்திரத்துக்கும் சத்திரப்பட்டிக்கும் நடுவில் அந்த என்ஜின் தானாக நின்றது. எண்ணெய் அழுத்தம் விழுந்தால் என்ஜினை நிறுத்திவிடும் சுவிட்ச் ஒன்று உண்டு. அது தன் வேலையைச் செய்துவிட்டது. உதவி ஓட்டுநர் சின்னப் பையன். என்ன ஆயிற்று என்று பார்க்க ஸ்பானரோடு கிராங்க்கேஸ் கதவுக்குப் போயிருக்கிறான். ஓட்டுநர் வயதானவர், அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "தொட்டேன்னா கொன்னுருவேன்" என்றாராம். இதை அந்த ஓட்டுநர் பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அவன் கதவைத் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நிச்சயமாக யாரும் சொல்ல முடியாது. ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம். அவன் முகம் மட்டும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ரயிலில் இருந்த கூட்டம் வெகுநேரம் பார்த்துவிட்டு இறங்கி, சாலையில் காவடியோடு போய்க்கொண்டிருந்த பாதயாத்திரைக்காரர்களோடு சேர்ந்து நடக்கத் தொடங்கிவிட்டது. அரோகரா சத்தம் தண்டவாளத்துக்கும் கேட்டது என்றார் ஓட்டுநர். நடந்தவர்கள் யாரும் ரயில்வேயைத் திட்டியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். முருகன் நடக்கவைத்தான் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

என்ஜின் ஷெட்டுக்கு வந்ததும் நான்காவதை இறக்கினோம். கீழ் ஓடு மூடியோடு வந்துவிடும். மேல் ஓட்டை எடுப்பதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. தண்டில் உள்ள எண்ணெய்த் துளையில் ஒரு சிறு முளையைச் செருகி, தண்டை மிக மெதுவாகச் சுற்றினால், முளையின் தலை ஓட்டின் விளிம்பைத் தள்ளிக்கொண்டே வந்து வெளியே உருட்டிவிடும். சுற்றுகிறவனும் உள்ளே கை வைத்திருப்பவனும் ஒரே மனம் உடையவர்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் விரல் போகும். அன்று நான் சுற்றினேன். அவர் கை உள்ளே. "ம்", "ம்", "நிறுத்து" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

கீழ் ஓட்டில் பூச்சு வழித்தெடுத்தது போல போயிருந்தது. நடுவில் செம்பு சிவக்கச் சிரித்தது. ஓரத்தில் அதுவும் உருகி இழுபட்டிருந்தது. மேஸ்திரி ஓட்டைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். உள்ளே தேய்ந்திருந்த இடத்துக்கு நேர் பின்னால், எஃகு முதுகில், நகக்கண் அளவு பளபளப்பு. அதன் நடுவே கருகி அப்பிய ஒரு நூலிழை. காட்டன் வேஸ்ட்டின் இழை. முந்தைய முறை ஓட்டை ஏற்றும்போது துடைத்த பஞ்சிலிருந்து ஒன்று ஒட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. அது ஓட்டை ஓர் இம்மி மேலே தூக்க, அந்த மேட்டில் எண்ணெய்ப் படலம் மெலிய, நான்கைந்து மாதங்களாக அங்கே ஈயம் கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எரிந்த துளியில் அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டும் இருந்தது.

முந்தைய முறை ஓடுகளை ஏற்றிய நாளில் மேற்பார்வை நான். அன்று பஞ்சால் துடைத்தது யார் என்று எனக்கு நினைவில்லை. துணியால் மட்டுமே துடைக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. துணி அன்று தீர்ந்திருந்தது.

விசாரணை வந்தது. பதிவேட்டில் இரண்டு கையெழுத்துகள். கழற்றிப் பார்க்கலாம் என்று முன்பே யாராவது சொன்னார்களா என்று என்னிடம் கேட்டார்கள். கேள்வி அவ்வளவு நேரடியாக இல்லை. 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்பதுதான் கேள்வி. இல்லை என்றேன். சோதித்த ஃபிட்டர் அசாதாரண எண்ணெய் ஒழுக்கைக் கவனிக்கத் தவறினார் என்று அறிக்கையில் வந்தது. மேஸ்திரிக்கு ஓராண்டு இன்கிரிமென்ட் நிறுத்தம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். ஒழுக்கைக் கவனித்த ஒரே மனிதர் அவர்.

அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. 'சார்' என்று அழைக்கத் தொடங்கினார், அவ்வளவுதான்.

அந்த என்ஜினுக்கு வேறு தண்டு ஏற்றியபோது டிஃப்லெக்ஷன் எடுத்தோம். தண்டின் ஒவ்வொரு மடிப்பிலும் இரண்டு கன்னங்கள் எதிரெதிரே நிற்கும். அவற்றுக்கிடையே டயல் கேஜைப் பொருத்தி, தண்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஐந்து நிலைகளில் முள்ளைப் படிக்க வேண்டும். தாங்கிகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால் முள் அசையாது. ஏதாவதொரு தாங்கி தாழ்ந்திருந்தால் தண்டு அங்கே தொய்யும். கன்னங்கள் கீழ்ப்பக்கம் விரியும், மேல்பக்கம் நெருங்கும். முள் கால் தௌ அசைந்தாலும் எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தொய்வுதான், ஒவ்வொரு சுற்றிலும் எஃகை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி, ஒருநாள் முறித்துவிடும். அவர் படித்தார், நான் எழுதினேன். "பூஜ்யம் சார். பூஜ்யம். ப்ளஸ் அரை. பூஜ்யம்." ஆறு மடிப்புகள், முப்பது எண்கள். நடுவில் எங்காவது நிறுத்தி நான் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முப்பதாவது எண்ணுக்குப் பிறகு டயல் கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். துணியால்தான் துடைத்தார்.

வானாய்வகத்திலிருந்து வெளியே வந்தபோது மணி பன்னிரண்டிருக்கும். வத்தலக்குண்டு வழியாக வந்தவன், திரும்புகையில் பெருமாள்மலையில் பிரிந்து பழனிக்கு நேரே இறங்கும் மலைப்பாதையில் பஸ் ஏறினேன். அப்படித் திட்டமிட்டிருக்கவில்லை. இறங்க இறங்கக் கீழே சமவெளி விரிந்தது. அந்தச் சமவெளியில் என் மீட்டர் பாதை இப்போது இல்லை. அது மூடப்பட்டு, 2012இல் பழனி வரையும் 2015இல் பொள்ளாச்சி வரையும் அகலப்பாதை வந்தது. பிறகு மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. மின்சார என்ஜினுக்குக் கிராங்க் கிடையாது. வருத்தப்பட ஒன்றுமில்லை; காற்று சுத்தம்.

மேஸ்திரிக்கு ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பு. எண்பதைத் தாண்டியிருந்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சிறிது நேரமாயிற்று. கண்டதும் "வாங்க தம்பி" என்றார். அந்தச் சொல்லுக்காக நான் தயாராக இருக்கவில்லை.

பேரப்பிள்ளை கொய்யா அறுத்துக் கொண்டுவந்து வைத்தான். நான் சொல்லவந்ததைச் சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லை, நடுவில் சூரியன், கோடு, ஈயம் என்றெல்லாம் உளறினேன். விசாரணையில் கேட்டது என்ன, நான் சொன்னது என்ன என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தோப்புக்குள் எங்கோ ஒரு பழைய பம்ப்செட் டீசல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காது பாதி அதில் இருந்ததைக் கண்டேன்.

நான் முடித்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தப் பழைய கிராங்க் என்னாச்சு?"

பணிமனைக்கு அனுப்பினோம் என்றேன். காந்தப் பொடி தூவி, புற ஊதா விளக்கில் வைத்துப் பார்த்ததில் விரிசல் இல்லை. கடைந்து மெருகேற்றி, அதற்கேற்ற தடித்த ஓடுகளோடு வேறொரு என்ஜினில் போட்டார்கள். மீட்டர் பாதை மூடும்வரை ஓடியது.

"எத்தன தௌ எடுத்தாங்க?"

"பத்து."

விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். "அப்ப இன்னும் ரெண்டு தடவ எடுத்திருக்கலாம்" என்றார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினார்.